ஒரு கட்டம் தள்ளி நின்ற கடிகாரம்

போன புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து பியூன் வந்தார். மகளின் வகுப்பு விஷயமாக மறுநாள் காலை பத்தரை மணிக்கு நான் மிஸ் லிம்மை வந்து பார்க்க வேண்டுமாம்.

அவ்வளவுதான் செய்தி. அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்களா?

விஷயம் இதுதான். ஜப்பான்காரர்கள் போய், பினாங்கில் பள்ளிக்கூடங்கள் மறுபடி திறக்கின்றன. ஆனால், சண்டைக் காலம் முழுவதும் பள்ளிப் பக்கமே போகாத பிள்ளைகளை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? அதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பரீட்சை. என் மகளும் அதை எழுதிவிட்டு வந்திருந்தாள். தேறினால் வயதுக்கேற்ற வகுப்பு. தேறாவிட்டால்... ஆறு வயதுக் குழந்தைகளோடு ஒன்றாம் வகுப்பு.

எங்கள் சரசுவுக்கு ஒன்பது வயது. உயரம் வேறு அதிகம். அந்தச் சின்ன பெஞ்சில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்!

பரீட்சை அவளுக்கு மட்டுமா? இத்தனை நாளும் அவளுக்கு டீச்சர் நான்தானே!

மறுநாள் சரசுவையும் கூட்டிக்கொண்டு போனேன். மிஸ் லிம் ஒல்லியான சீனப் பெண்மணி. சண்டைக்கு முன்னால் குண்டாக இருந்தவராம். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். கணக்குத் தாள். 'பள்ளி காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு முடிகிறது. எவ்வளவு நேரம்?' என்று கேள்வி.

அதன் கீழே என் மகள், அழகான இங்கிலீஷ் எழுத்தில், 'இரண்டு ராகு' என்று எழுதியிருந்தாள்.

"மிசஸ், இந்த ராகு என்பது என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டார் மிஸ் லிம். "நான் டிக்‌ஷனரியில்கூடத் தேடிப் பார்த்தேன்."

எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் சரசு, தான் ஏதோ சரியாகச் செய்துவிட்டவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மிஸ் லிம்முக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். உங்களுக்கு முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரர்கள் வந்த புதிதில், எல்லாரும் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள் அல்லவா? ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். அதாவது, நம் ஊரில் சூரியன் எட்டேகால் மணிக்கு உதிக்க ஆரம்பித்தது! ஆபீஸ்காரர்கள் கிளம்புகிற ஏழரை மணி என்றால் ரோட்டில் முகம் தெரியாத இருட்டு.

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக் கோடவுன் ஆபீஸில் கிளார்க். அவருடைய கைக்கடிகாரம் அன்றே தோக்கியோவுக்குப் போய்விட்டது. ஆனால் ஹாலில் இருந்த சுவர்க்கடிகாரத்தை நான் தொடவிடவில்லை. என் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதோடு, பஞ்சாங்கத்தில் ராகு காலம் போட்டிருப்பது நம் பழைய நேரத்துக்கு. கடிகாரத்தை மாற்றிவிட்டால் நல்ல நேரம் கெட்ட நேரம் எப்படித் தெரியும்?

"இஞ்ச பாரும், ஊரே ஒரு நேரம், உம்மட வீடு ஒரு நேரமோ?" என்று இவர் சிரிப்பார்.

"வீட்டுக்குள்ளதானே. ஆர் வந்து பாக்கப்போகினம்?" என்பேன்.

சரசு அதற்குப் பேரே வைத்துவிட்டாள். கையில் இருப்பது அப்பா மணி. சுவரில் இருப்பது அம்மா மணி.

எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துப் பேச்சு. சுவருக்கு அந்தப் பக்கம், ராஜம்மா அக்கா வீட்டில், வார்த்தைக்கு வார்த்தை 'லா' போடுகிற அசல் பினாங்குப் பேச்சு. அக்கா உத்தரவு வந்த அன்றே கடிகாரத்தைத் தள்ளிவிட்டார். ஆனால் ராகு காலத்தைத் தள்ளவில்லை! வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு என்று பஞ்சாங்கம் சொன்னால், தோக்கியோ கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்புவார்.

"அக்கா, ராகு முடிஞ்சதுன்னு நீங்க கிளம்புற நேரத்துலதான் நெசமான ராகுவே ஆரம்பிக்குது" என்றேன் ஒரு நாள்.

"போ தங்கச்சி! ஊருக்கே ஆர்டர் போட்டிருக்கான். ராகுவுக்கு மட்டும் போடாம விட்டிருப்பானா லா?"

நான் சொன்னது சரியா, அக்கா சொன்னது சரியா? அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. நான் எதையும் ஒரு தடவையில் நம்பிவிடுகிற ஆள் இல்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் பேசியதைச் சரசு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. "அம்மா, ராகு அப்பா மணிக்கு வருமோ, அம்மா மணிக்கு வருமோ?" என்றாள்.

எந்தப் பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சரசுவை நான் வீட்டில் வைத்துக்கொண்டது துணிச்சலால் இல்லை. பயத்தால். நான் படித்த பள்ளிக்கூடத்தில் சிப்பாய்கள் குடியிருந்தார்கள். வேறு இடத்தில் ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுத்தார்கள். ராஜம்மா அக்கா மகள் புஷ்பம் அங்கே போனாள். ஆனால் போகிற வழியில் காவல் சாவடி. அங்கே சரியாகக் குனிந்து கும்பிடாதவர்கள் வாங்கிய அறையை நானே பார்த்திருக்கிறேன். சரசுவைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

ஆனால் புஷ்பம் மாலையில் வந்து இச்சி, நி, சான் என்று எண்ணிக் காட்டும்போது, நம் பிள்ளை பின்தங்கிப் போகிறதோ என்று குமைந்ததும் நான்தான். நீங்களானால் என்ன செய்திருப்பீர்கள்?

எனக்கு டீச்சர் வேலை தெரியாது. தாள் கிடையாது. சிலேட்டு உடைந்துவிட்டது. அடுப்புக்கரியும் சிமெண்டுத் தரையும்தான். இங்கிலீஷ் ரீடர் ஒன்று இருந்தது. அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அரிசி இல்லாததால் பானையில் நிறைய இடம் இருந்தது! மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவள் காதோடு வாய் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுவேன். அவளும் என் காதில் திருப்பிச் சொல்லுவாள். தெருவில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே!

சரி, ராகுவுக்கு வருகிறேன். அவள் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லத் தெரியாமல், ஹால் தரையில் கரியால் பாண்டிக் கட்டம் போல எட்டுக் கட்டம் வரைந்தேன். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஒரு பகல். அதை எட்டாகப் பிரித்தால் ஒரு கட்டம் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு கிழமையும் அதில் ஏதோ ஒரு கட்டம் ராகுவினுடையது. திங்களுக்கு இரண்டாவது கட்டம். சனிக்கு மூன்றாவது. முதல் கட்டத்தில் மட்டும் எந்தக் கிழமையும் ராகு கிடையாது.

பிள்ளைக்குக் கொண்டாட்டம். காலை ஆறு மணியில் நொண்டியடித்து ஏறி, அன்றைக்கு ராகு இருக்கிற கட்டத்தை மட்டும் தாண்டிக் குதித்து, மாலை ஆறு மணியில் இறங்குவாள். பிறகு தானாகவே கண்டுபிடித்தாள். "அம்மா, தோக்கியோவும் ஒரு கட்டம்தான் தள்ளி நிக்குது!"

ஒன்றரை மணி. ஆமாம். ராகுவின் நீளம்தான் தோக்கியோவின் தூரம். எனக்கே அதுவரை தோன்றவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு 'ஒரு ராகு' என்று பேர். ஊபிக் கிழங்கு வேக அரை ராகு. அப்பா வர இன்னும் இரண்டு ராகு. கூட்டல், பெருக்கல், பின்னம் எல்லாம் அந்தக் கட்டத்திலேயே ஓடின. 'படிப்பைக் கெட்ட நேரத்தை வைத்துத் தொடங்கிவிட்டேனே, சரஸ்வதி தேவிக்குக் கோபம் வருமோ' என்று அதற்கும் ஒரு கவலை எனக்கு.

பிறகு ஒரு சனிக்கிழமை இவர் வெறுங்கையோடு வந்தார். ஆபீஸ் வேலையாக நடந்து போனவரைச் சாவடியில் ஒரு சிப்பாய் நிறுத்தி, மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டானாம். இவரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, குனிந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். வேறு என்ன செய்ய முடியும்?

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டேன்.

தயங்கினார். "ராகு காலத்திலைதான்" என்றார். அதுவரை என்னைக் கேலி செய்துகொண்டிருந்த மனிதர்!

இப்போது வீட்டில் இருப்பது ஒரே கடிகாரம். அதுவும் அம்மா மணி. ஆபீஸிலோ புது அதிகாரி வந்திருந்தான். திங்கள் முதல் காலை எட்டு மணிக்கு ஆள் எண்ணும் வரிசைக்கு அவனே வந்து நிற்கப்போகிறான், தாமதமாக வருகிறவர்களைச் சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு அனுப்பிவிடுவான் என்று பேச்சு. சயாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்த ஒருவரை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

இனிமேல் என்ன பிடிவாதம்? அன்று மாலையே நாற்காலி போட்டு ஏறி, கடிகார முள்ளை நானே தோக்கியோவுக்குத் தள்ளினேன். சரசு கீழே நின்று, "ஒரு ராகு தள்ளியாச்சு" என்று சொன்னாள்.

திங்கட்கிழமை விடியவில்லை. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் டிபன் கேரியரோடு நின்றேன். கடிகாரம் டங் என்று ஒரு தடவை அடித்தது. ஏழரை. கோடவுனுக்கு நடந்துபோய்ச் சேர அரை மணி நேரம் வேண்டும்.

ஏழரை... திங்கள்... எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இஞ்சாருங்கோ! ராகு காலம் தொடங்கிட்டுது!"

பழக்க தோஷம். பஞ்சாங்கம் சொல்வது திங்கள் ஏழரை முதல் ஒன்பது. கடிகாரம் காட்டுவது ஏழரை. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டேன். ராஜம்மா அக்காவுக்குப் பாடம் எடுத்த நானேதான்!

இன்னொரு நாளாக இருந்தால் இவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அன்று வாசற்படியில் வைத்த காலை உள்ளே எடுத்துவிட்டார்.

"போனதரமும் ராகு காலத்திலைதானே..." என்றார்.

"ஒம்பது மணிவரைக்கும் இருந்திட்டுப் போங்கோவன்."

"விசரே உமக்கு? ஒம்பதுக்குப் போனா என்னைச் சயாமுக்கு அனுப்பிப்போடுவான்!"

"அப்ப போங்கோ."

"கேரியரைத் தாருமன்!"

கொடுத்தால் போய்விடுவாரே! என் கை கேரியரை விடவில்லை. அவர் கால் நகரவில்லை. போனால் ராகு. நின்றால் சயாம். பெண்டுலம் ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது பாயில் படுத்திருந்த சரசு எழுந்து வந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, தரையில் இருந்த முதல் கட்டத்தில் போய் நின்றாள்.

"அம்மா, அப்பா இஞ்சைதான் நிக்கிறார். முதல் கட்டத்திலை."

"பேசாமல் இரு பிள்ளை, ஏழரை அடிச்சிட்டுது."

"மணியைத்தானே அம்மா நாங்கள் தள்ளினது. கட்டத்தை ஆர் தள்ளினது?"

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பழைய நேரம் அப்போது ஆறு. அம்மா மணிக்கு ஆறு. எந்தக் கிழமையும் ராகு அண்டாத முதல் கட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. "ராகு வரேக்கை அப்பா ஆபீஸ் கதிரையிலை இருப்பார்" என்று கொட்டாவியோடு சொல்லிவிட்டு, பிள்ளை மறுபடி பாயில் போய் விழுந்தாள்.

இவர் என் கையிலிருந்து கேரியரை வாங்கினார். நடக்கவில்லை, ஓடினார்.

அன்று மாலை அவர் வந்து சொன்னார். வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றாராம். நின்று மூச்சு வாங்குவதற்குள் அதிகாரி வந்துவிட்டானாம். அவருக்குப் பின்னால் வந்த ஒருவரை வரிசைக்குள் விடவில்லை. மறுநாள் அந்த மனிதரை ஆபீஸில் காணோம். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அந்த நாட்களில் எங்களிடம் இல்லை.

இவர் அந்தக் கட்டங்களின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். முதல் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இஞ்ச பாரும், தரையைக் கழுவேக்கை இதை அழிச்சுப்போடாதையும்" என்றார்.

மிஸ் லிம்மின் அறையில் இதில் ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. "ஒரு ராகு என்றால் ஒன்றரை மணி நேரம், மிஸ்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தாளைப் பார்த்தார். எட்டிலிருந்து பதினொன்று. இரண்டு ராகு. மூன்று மணி நேரம். பென்சிலைக் கீழே வைத்தார்.

"சரஸ்வதி, நான் இன்றைக்கு ஆறு மணிக்கு எழுந்தேன். இப்போது எத்தனை ராகு ஆகிறது?"

சரசு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. "மூன்று, மிஸ்."

மிஸ் லிம்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மூச்சு விட்டேன். ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை.

"கணக்கு எனக்குக் கவலை இல்லை, மிசஸ். நான் கூப்பிட்டது இதற்கு." ஒரு ரீடரை எடுத்துச் சரசுவிடம் கொடுத்தார். "படி."

சரசு படித்தாள். ஒரு பிழை இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு... ஆனால் அத்தனையும் கிசுகிசுப்பில். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"சத்தமாக" என்றார் மிஸ் லிம்.

சரசு என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்தது. மறுபடியும் அதே கிசுகிசுப்பு.

இங்கிலீஷ் என்பதே காதோடு பேசுகிற பாஷை என்று என் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறாள்! நான் பார்த்துப் பார்த்து, பயந்து பயந்து, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ராகுவோ நான் திட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்காத பாடம். கரியால் கிறுக்கிய விளையாட்டு. அதில் தேறிவிட்டாள்.

அம்மாக்களே, நாம் சொல்லிக்கொடுப்பதைப் பிள்ளைகள் படிக்கிறார்களோ இல்லையோ... நாம் எப்படி இருந்தோமோ அதைப் படித்துக்கொள்கிறார்கள்.

"ஜன்னலைச் சாத்திக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன், மிஸ்" என்றேன். "அதனால்தான்..."

மிஸ் லிம் ரீடரை வாங்கி மூடினார். "என் அம்மா இன்னமும் சாப்பாட்டு மேஜையில் அப்படிக் கிசுகிசுவென்றுதான் பேசுகிறார்" என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "மூன்றாம் வகுப்பு. முதல் பெஞ்சு, என் பக்கத்தில். குரல் தானாக வரும்; வந்ததும் பின்னால் போகட்டும். ஒன்று மட்டும், பரீட்சையில் நேரத்தை மணியில்தான் எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிடு, சரஸ்வதி."

மூன்றாம் வகுப்பு! வயதுக்கேற்ற வகுப்பு! நான் எத்தனை தேங்க் யூ சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்ததும் சரசு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா... திங்கட்கிழமை எட்டு மணி. ரெண்டாம் கட்டம்."

கடிகாரம்தான் இப்போது பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டதே! திங்கள், ஏழரை முதல் ஒன்பது. சுத்தமான ராகு. பிள்ளையின் முதல் நாள்! மிஸ் லிம்மிடம் திரும்பிப் போய் நேரத்தை மாற்றச் சொல்லவா முடியும்? ஒரு முழு நாள் யோசித்தேன். இவர்தான் வழி சொன்னார். "முதல் கட்டத்துக்குள்ள போய் நிண்டால் சரிதானே?"

எனவே இந்தத் திங்கட்கிழமை, ஏழேகால் மணிக்கெல்லாம் சரசுவோடு போய் பூட்டிய கேட்டின் முன்னால் நின்றேன். எங்களுக்கு முன்னாலேயே, புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, ராஜம்மா அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, இவ்ளோ சீக்கிரமா?"

"சும்மாதான் அக்கா. நீங்க?"

"நானும் சும்மாதான்லா."

கொஞ்ச நேரத்தில் இன்னும் ஒருத்தர் வந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். மலாய், சீனத் தாய்மார்கள் எல்லாம் எட்டு மணிக்கு நிதானமாக வந்து சேர்ந்தபோது, வாட்ச்மேன் எங்களிடம், 'நீங்கள் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்?' என்று கேட்டார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் பிள்ளைகளின் பின்னலைச் சரிசெய்தோம்.

ஏழரைக்கு முன்பே அந்தக் கேட்டில் நின்ற அத்தனை பேரும் தமிழ் அம்மாக்கள்!